ஒரு செடிக்கு எத்தனை வண்டு

மேடையில் வீற்றிருக்கும் இணை இயக்குநர் அவர்களே, காய்கறி உற்பத்தியாளர் சங்கத் தலைவர் அவர்களே, பயிர் மருத்துவ நிலையத்தின் சக ஊழியர்களே, நாற்று நடுகிற அவசரத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் கணவர் அவர்களே, மகள் அவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

வணக்கம் சொல்லியாயிற்று. இனி எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசிவிட்டார்கள். ஐவரும் நன்றாகப் பேசினார்கள். எனக்கு அப்படிப் பேச வராது. முப்பத்தொரு வருடமாக வண்டு எண்ணுகிறவன் நான். நீங்கள் எல்லோரும் என்னை ‘வண்டு சார்’ என்றுதான் கூப்பிடுகிறீர்கள், முகத்துக்கு நேராகவும் முதுகுக்குப் பின்னாலும். பன்னிரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை. முழங்கால் இரண்டும் வலிக்கின்றன. இந்த விதைக் கிடங்கின் மின்விசிறி போடுகிற சத்தத்தில் பின்வரிசைக்கு நான் பேசுவது கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள். விசிறியை நிறுத்தச் சொல்லமாட்டேன், புழுக்கமாக இருக்கிறது. நான்தான் கொஞ்சம் கத்திப் பேச வேண்டும்.

யாரை இழந்துவிட்டு நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்? தலைமை நோயியல் அலுவலர் அம்மையாரை. அது அலுவலகக் கதவில் எழுதியிருந்த பெயர். நமக்கு அவர் நூல் மேடம். இருபத்தாறு வருடம் இந்த வட்டாரத்தின் ஒவ்வொரு வெள்ளரிக் கொடிக்கும் பூசணிக் கொடிக்கும் நாடி பிடித்துப் பார்த்த நூல் மேடம். பன்னிரண்டு நாளுக்கு முன்னால், வேலை முடிந்து பேருந்தில் வீட்டுக்குப் போகிற வழியில் மூச்சு நின்றுபோன நூல் மேடம். பக்கத்து இருக்கைப் பெண், அவர் தூங்குகிறார் என்று நினைத்து, இறங்கும் இடம் வந்ததும் தட்டி எழுப்பியிருக்கிறாள்.

வெளியூரிலிருந்து வந்திருக்கும் உறவினர் ஒருவர் சற்று முன்பு என்னிடம் கேட்டார். “அதென்ன சார் நூல் மேடம்? வீட்டுக்காரர் தையல்காரருங்கறதாலயா?” இல்லை ஐயா. அது கத்தியால் வந்த பெயர்.

வெள்ளரிக் கொடி ஒன்று மத்தியானத்தில் துவண்டு கிடக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் நிமிர்ந்திருக்கும். அன்று மத்தியானம் இன்னும் கொஞ்சம் துவளும். மண்ணில் ஈரம் இருக்கும், கொடி மட்டும் தாகத்தில் சாகும். தண்ணீர் போதவில்லையா? வேர் அழுகிவிட்டதா? தண்டுக்குள் புழுவா? அல்லது பாக்டீரியா வாடலா? மேடம் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுப்பார். தண்டை அடிப்பக்கத்தில் அறுப்பார். அறுத்த இரண்டு முனைகளையும் சேர்த்து, பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடிப்பார். பிறகு மெல்லப் பிரிப்பார். இரண்டுக்கும் நடுவே பிசின் மாதிரி ஒரு நூல் இழுத்துக்கொண்டு வந்தால் பாக்டீரியா. வராவிட்டால் வேறு ஏதோ, பிழைக்க வழி உண்டு. அந்தப் பத்து எண்ணுகிற நேரத்தில் தோட்டக்காரர் முகத்தை நான் பார்க்கமாட்டேன்.

இதற்கு ‘நூல் விட்டுப் பார்க்கிறது’ என்று பெயர் வைத்தது நீங்கள்தான். அந்தச் சொல்லுக்கு வேறொரு அர்த்தமும் இருப்பது உங்களுக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்த எங்கள் அலுவலக உதவியாளருக்கு மட்டும் தெரியவில்லை. மேடத்தின் கணவர் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து மேடம் எங்கே என்று கேட்டார். இவர் பணிவாகச் சொன்னார், “மேடம் தோட்டத்துல ஒருத்தர்கிட்ட நூல் விட்டுப் பாத்துட்டு இருக்காங்க சார்.”  அந்தப் பக்கம் அண்ணன் கேட்டாராம், “ரொம்ப நேரமாவா?”

அண்ணன் இப்போதும் சிரிக்கிறார். சிரிக்கட்டும். மேடமும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் தோட்டத்தில் மேடம் சிரித்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. நூல் வந்துவிட்டால் அவருக்கு ஒரே வார்த்தைதான் தெரியும். பிடுங்கு. பூசணி போட்டிருந்த ஒரு அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

“மருந்தடிச்சா பொழைக்காதாம்மா?”

“பொழைக்காதுக்கா. இதுக்கு மருந்து கிடையாது.”

“ஒரு வாரம் விட்டுப் பாக்கட்டுமா? பூ வச்சிருக்கு பாருங்க.”

“ஒரு வாரத்துல இந்தக் கொடி எப்படியும் சாகும். இதைத் தின்ன வண்டு அதுக்குள்ள அடுத்த வரிசைக்குப் போயிரும். இன்னைக்குப் பிடுங்கினா பதினாறு கொடி. அடுத்த வாரம் பிடுங்கினா எண்ண முடியாது.”

ஆறுதலாக ஒரு வார்த்தை? கிடையாது. ஆனால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் கொடியைப் பிடுங்கியது யார்? அவர்தான். கோணிப்பையில் அடைத்து, குழி தோண்டிப் புதைத்து, மண்ணை மிதித்துவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்பினார். அந்த அம்மா இதோ நான்காவது வரிசையில் இருக்கிறார். அக்கா, அந்தப் பருவம் உங்கள் தோட்டம் தப்பியதா இல்லையா? தலையாட்டுகிறார்.

அவருக்கும் எனக்கும் இருபத்தாறு வருடமாக ஓயாத சண்டை. ஒரே அறையில் எதிரெதிர் மேசை. ஒரு பக்கம் அவருடைய நுண்ணோக்கி, இன்னொரு பக்கம் என்னுடைய வண்டுப் பெட்டிகள். “உங்க வண்டு இல்லன்னா என் பாக்டீரியாவுக்குக் கால் ஏது சார்?” என்பார். “உங்க பாக்டீரியா இல்லன்னா என் வண்டு பாவம், நாலு இலையைக் கடிச்சிட்டு அது பாட்டுக்குப் போயிருக்கும் மேடம்” என்பேன். இந்த நோய் அப்படி. குளிர்காலம் முழுக்க அந்தக் கிருமி வேறெங்கும் இருக்காது, வரி வண்டின் குடலுக்குள் இருக்கும். நாற்று முளைத்ததும் வண்டு வரும். இலையைக் கடிக்கும். கடித்த இடத்திலேயே கழியும். இரங்கல் கூட்டத்தில் சொல்லக்கூடாத பேச்சு, மன்னிக்க வேண்டும். மேடம் இருந்தால் சொல்லச் சொல்லித்தான் அதட்டுவார். அந்தக் கழிவு கடிவாய்க்குள் இறங்கினால் போதும். கொடி தண்ணீர் குடிக்கிற குழாய் அடைத்துப் போகும்.

அதனால்தான் பூக்கும் வரை நாற்றுக்கு வலை போர்த்துங்கள் என்று தொண்டை வறளச் சொன்னார். கடையில் விற்ற வலையில் ஓரமெல்லாம் ஓட்டை. தன் கணவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அண்ணன் இரட்டைத் தையல் போட்டு, ஓரத்தில் மணல் நிரப்ப ஒரு மடிப்பும் வைத்துக் கொடுத்தார். முதல் வருடம் நாற்பது வலை தைத்தார். வாடிக்கையாளர் சட்டையெல்லாம் தள்ளிப்போய், கடைக்கு வந்தவர்கள் கத்திவிட்டுப் போனார்கள்.

சரி. நான் சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், சொல்ல வேண்டியதைத் தள்ளிப் போடுகிறேன். அது எனக்குப் பழகிப்போன வேலை.

நம் இணை இயக்குநர் அவர்கள் பேசும்போது, “யானைக்கும் அடி சறுக்கும். ஒரே ஒரு சறுக்கல் தவிர அம்மையாரின் பணி அப்பழுக்கற்றது” என்று சொன்னார்கள். பெருந்தன்மையோடுதான் சொன்னார்கள். எந்தச் சறுக்கல் என்று அவர்கள் விளக்கவில்லை. விளக்கவும் தேவையில்லை. இங்கே இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். பதினொரு வருடத்துக்கு முன்னால் வந்த துண்டறிக்கை. ‘ஒரு செடிக்கு ஐந்து வண்டு வரை கவலை வேண்டாம்’ என்று அச்சடித்து, சந்தை வாசலில் கொடுத்து, உங்கள் மோட்டார் அறைச் சுவரிலெல்லாம் ஒட்டிவைத்த துண்டறிக்கை. கீழே தயாரிப்பு என்று மேடத்தின் பெயர் இருந்தது. நீங்கள் அதை நம்பினீர்கள். விடியற்காலையில் போய் எண்ணினீர்கள். மூன்றுதான் இருக்கிறது, நான்குதான் இருக்கிறது, பரவாயில்லை என்று வலையை உள்ளேயே வைத்துவிட்டீர்கள். ஐந்து வாரத்தில் அறுபத்து மூன்று தோட்டம் படுத்துவிட்டது.

அதற்குப் பிறகு சிலர் அவரை ‘அஞ்சு வண்டு’ என்று கூப்பிட்டார்கள். அவர் காதில் விழும்படியே கூப்பிட்டார்கள்.

அந்த யானை சறுக்கவில்லை, ஐயா. சறுக்கியவன் நான்.

மேடம் கையால் எழுதிக் கொடுத்த தாளில் ‘ஒரு செடிக்கு ஒரு வண்டு கண்டாலும் உடனே வலை போர்த்துங்கள்’ என்றுதான் இருந்தது. மகள் பிரசவத்துக்காக மூன்று வாரம் விடுப்பில் போனார். போகும்போது, “வண்டு பத்தின வரி மட்டும் ஒருதரம் பாத்துட்டு அச்சுக்குக் குடுத்துருங்க சார்” என்றார். பார்த்தேன். பார்த்து, ஒன்றை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினேன். வலை போர்த்துங்கள் என்பதையும் கவலை வேண்டாம் என்று மாற்றினேன். திமிரா? இருக்கலாம். ஆனால் அன்றைக்கு எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பூச்சிப் பாடத்தில் அப்படித்தான். இலையில் எவ்வளவு தின்றால் மகசூல் குறையும் என்று கணக்கு இருக்கிறது. ஐந்து வண்டு தின்றால் ஒரு செடி தாங்கும். ஒற்றை வண்டைப் பார்த்துப் பயந்து நீங்கள் மருந்தைக் கொட்டினால் தேனீ சாகும், தேனீ செத்தால் காய் ஏது? தேனீ விஷயத்தில் நான் சொன்னது தப்பில்லை. ஆனால் வண்டு எவ்வளவு தின்கிறது என்று எண்ணினேனே தவிர, எதைக் கழிகிறது என்று எண்ணவில்லை. எதிர் மேசையில் பதினைந்து வருடம் உட்கார்ந்து அதையேதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

பந்தல்கார அண்ணன் அந்த மாதம் அலுவலகத்துக்கு வந்தார். இதோ, கதவோரம் உட்கார்ந்திருக்கிறார். வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு ஏக்கர் வெள்ளரிப் பந்தல் அவருடையது, அதில் ஒரு கொடிகூட மிஞ்சவில்லை. சத்தம் போடவில்லை. துண்டறிக்கையை மேடத்தின் மேசையில் வைத்தார். “நீங்க எழுதினபடிதான்மா எண்ணினேன்” என்றார். மேடம் அதை எடுத்துப் படித்தார். விடுப்பு முடிந்து வந்தவர், அச்சான தாளை அன்றுதான் முதல்முறையாகப் படிக்கிறார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“தப்பு எங்களுதுதான். மன்னிச்சிருங்கண்ணே” என்றார்.

எங்களுது என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. அண்ணன் பந்தல் கம்பிகளைக் கழற்றிவிட்டு, நகரத்தில் ஒரு கிடங்குக்குக் காவல் வேலைக்குப் போனார். மேடத்துக்குத் தலைமையகத்திலிருந்து ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போக வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று.

அன்று மாலையே நான் சொன்னேன், “நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் மேடம்.” அவருக்குக் கோபம். கடுங்கோபம். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவரைத் தெய்வமாக்கிவிட்டு நான் தப்பிக்கக் கூடாது. ஆனால் அன்று சொன்னது இதுதான்: “இப்ப சொல்லாதீங்க. வர்ற பருவத்துக்கு வண்டு எண்ணச் சொல்லி ஊர் ஊரா போகப் போறது நீங்க. உங்களையும் நம்பலன்னா யாரு வலை போடுவா? இந்தப் பருவம் முடியட்டும் சார்.”

பருவம் முடிந்தது. “இன்னும் ஒரு பருவம் போகட்டும்” என்றார். அதுவும் முடிந்தது. மூன்றாம் வருடத்திலிருந்து அவர் எதுவும் சொல்லவில்லை. நான்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். இந்தப் பருவம் முடியட்டும். மகன் கல்யாணம் முடியட்டும். இதோ, ஓய்வுபெற ஏழு மாதம்தான், அதுவும் முடியட்டும்.

மேடம் போன நான்காம் நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மேடத்தின் கணவர் அவருடைய கைப்பையை என்னிடம் கொடுத்தார். ஈரக் காகிதத்தில் சுற்றிய வெள்ளரித் தண்டு நான்கு உள்ளே இருந்தது. மறுநாள் பார்ப்பதற்கு எடுத்து வைத்திருக்கிறார். எல்லாம் கறுத்துப்போயிருந்தன. எந்தத் தோட்டம் என்று எழுதிய சீட்டுகூட நனைந்து அழிந்திருந்தது. அண்ணன் தையல் இயந்திரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“இரங்கல் கூட்டத்துல நீங்க பேசறீங்கன்னு சொன்னாங்க சார். அந்த அஞ்சு வண்டைப் பத்தியும் பேசுவீங்களா?”

அவருக்குத் தெரியும். பதினொரு வருடமாகத் தெரியும். என் சட்டைக்கு அளவெடுத்திருக்கிறார், என் மகன் கல்யாணத்துக்குக் கோட்டுத் தைத்துக் கொடுத்திருக்கிறார், என்னோடு சிரித்துப் பேசியிருக்கிறார், தெரிந்துகொண்டே. பேசுகிறேன் என்று சொன்னேன். “சரி சார்” என்றார். டீ போட்டுக் கொடுத்தார். அதை எப்படிக் குடித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

ஆகவே, அவையோரே, பேசிவிட்டேன். பாரம் இறங்கியதா? இல்லை. அப்படி இறங்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இனி என்ன செய்யப் போகிறேன்? அம்மையார் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று முன்னால் பேசியவர்கள் எல்லோரும் உறுதி எடுத்தார்கள். நானும் எடுக்கிறேன். மேடை ஏறுவதற்கு முன்பே ஓர் உறையை இணை இயக்குநர் அவர்களிடம் கொடுத்துவிட்டேன். இப்போது சொன்னதெல்லாம் அதில் எழுத்தாக இருக்கிறது. அந்த எச்சரிக்கைக் கடிதத்தை அவருடைய கோப்பிலிருந்து எடுத்து என்னுடைய கோப்பில் வையுங்கள், ஐயா. ஓய்வூதியத்துக்கு அது என்ன செய்யுமோ செய்யட்டும். புதிய துண்டறிக்கை வாசலில் மேசை மேல் இருக்கிறது, ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு செடிக்கு ஒரு வண்டு. பூக்கும் வரை வலை. துவண்டால் நூல் பாருங்கள், நூல் வந்தால் அன்றைக்கே பிடுங்குங்கள். மேலே மேடத்தின் பெயர். பழைய அறிக்கையில் இருந்த தப்பு யாருடையது என்று கீழே என் பெயர்.

நாற்றெல்லாம் இப்போது இரண்டிலைப் பருவத்தில் இருக்கிறது. நேற்று ஆற்றோரத் தோட்டத்தில் முதல் வண்டைப் பார்த்தேன். கூட்டம் முடிந்து நாளைக்கு ஓய்வெடுக்கலாம் என்று நினைக்க முடியாது. நாளைக் காலை ஆறு மணிக்கு நான் தோட்டங்களுக்கு வருகிறேன். இனி என்னை நம்பலாமா என்று உங்களுக்குத் தோன்றும். நம்ப வேண்டாம். வண்டை நீங்களே எண்ணுங்கள். வலை போர்த்தவும் கொடி பிடுங்கவும் கூலிக்கு ஓர் ஆள் வந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பந்தல்கார அண்ணன் தோட்டத்துக்குத்தான் வருவேன். காவல் வேலையிலிருந்து திரும்பி வந்து ஒன்பது வருடமாக அவர் மறுபடி வெள்ளரி போடுகிறார். ஒன்பது வருடமும் மேடத்தை வேலிக்குள் விட்டதில்லை. ஒவ்வொரு பருவமும் மேடம் போவார். வெளியே நின்றபடியே எட்டிப் பார்த்து, “வடக்கு மூலையில மூணாவது கொடி துவளுதுண்ணே, பாருங்க” என்று கத்திச் சொல்லிவிட்டு வருவார். அண்ணே, நாளைக்கு நான் வந்து நிற்கிறேன். திறப்பதும் திறக்காததும் உங்கள் விருப்பம்.

இத்துடன் என் அஞ்சலியை...

பந்தல்கார அண்ணன் எழுந்து நிற்கிறார். வேண்டாம், அவரை உட்காரச் சொல்லாதீர்கள். விசிறியைக் கொஞ்சம் நிறுத்துங்கள். சொல்லுங்கள் அண்ணே.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, அவர் கேட்டதை நானே சொல்கிறேன். “அந்தம்மா எங்க வேலிக்கு வெளியில வெயில்ல நின்னுக்கிட்டிருந்தப்பல்லாம் நீங்க எங்க சார் இருந்தீங்க?” என்று கேட்கிறார்.

வண்டியில் இருந்தேன், அண்ணே. இருபதடி தள்ளி, மரத்தடியில். கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.